நம் செட்டிநாட்டு வளவுத் தரையின் சலவைக்கல் பிறந்த ஊர்: கரராவும் லூனிஜானாவும் எப்படிப்பட்ட நாடு?

கேள்வி: கானாடுகாத்தான் ஆச்சி

குழுவில் உள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். மிலானில் வேலை பார்க்கும் எங்கள் மகள் வீட்டுக்கு வருகிற அக்டோபரில் நானும் என் கணவரும் போகிறோம். வெனிஸ், புளோரன்ஸ், பீசா கோபுரம் என்று மகள் ஒரு பயணத் திட்டம் வைத்திருக்கிறாள். என் மனத்தில் இருப்பது வேறு ஊர்.

நான் மருமகளாக இந்த வீட்டுக்குள் அடியெடுத்து வைத்த நாளில் என் மாமியார் முதலில் சொன்னது, "இது இத்தாலிச் சலவைக்கல், இதிலே புளித்தண்ணி பட விட்டுவிடாதே" என்பதுதான். முகப்பிலும் பட்டாலையிலும் பதித்திருக்கும் அந்த வெள்ளைக் கல்லில் சாம்பல் நிற நரம்புகள் ஓடுகின்றன. சித்திரை வெயிலில் மின்சாரம் போய்விட்டால் வீடே அதன் மேல்தான் படுத்துக் கிடக்கும். சென்ற ஆண்டு என் கணவரின் சாந்திக்காக வீட்டைச் சுத்தம் செய்தபோது, வேலைக்கு வந்தவர் கறை போகட்டும் என்று ஆசிட்டை ஊற்றிவிட்டார். நுரை பொங்கி அடங்கியபோது இரண்டு கற்கள் சுண்ணாம்பு பூசியது போல் மங்கியிருந்தன. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நூறு ஆண்டுகளாக எங்களைத் தாங்கிய கல்லைப் பற்றி நாங்கள் எதுவுமே தெரிந்துகொள்ளவில்லையே என்ற எண்ணம் அதன் பிறகு விடவே இல்லை.

இந்தக் கல் கரரா என்ற இடத்திலிருந்து வந்தது என்று உறவினர் ஒருவர் சொன்னார். அந்த நாடு எப்படி இருக்கும், அங்குள்ள மக்கள் எப்படி வாழ்கிறார்கள், மலையைத் தவிர வேறு என்ன பார்க்கலாம், சைவச் சாப்பாடு கிடைக்குமா என்பதையெல்லாம் போய் வந்தவர்கள் விவரமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன். எங்களிடம் மூன்று நாட்கள் உள்ளன.

பதில் 1: தேவகோட்டைப் பிள்ளை (பீசாவில் நிலவியல் படித்தவன்)

ஆச்சிக்கு வணக்கம். நான் பீசாவில் மூன்று ஆண்டுகள் படித்தேன். எங்கள் களப்பயணங்களில் பாதி அந்த மலைகளில்தான் நடந்தன.

இத்தாலியின் டஸ்கனி மாநிலம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சைப்ரஸ் மரங்கள் வரிசையாக நிற்கும் மெல்லிய குன்றுகளும் திராட்சைத் தோட்டங்களும்தான். நீங்கள் போக விரும்புவது அதன் வடமேற்கு மூலை. அங்கே நிலத்தின் முகமே வேறு. கடற்கரையை ஒட்டி ஒடுங்கிய சமவெளி ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும், கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போவதற்குள், 2,000 மீட்டரை நெருங்கும் உயரத்துக்கு அபுவான் மலைகள் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. பீசாவிலிருந்து லா ஸ்பெத்சியாவுக்குப் போகும் ரயிலில் வலப்பக்கச் சன்னலோரம் உட்கார்ந்தால் கோடைக் காலத்திலும் மலைச் சரிவுகள் வெள்ளை வெளேரென்று தெரியும். முதல் முறை பார்ப்பவர்கள் பனி என்றே நினைப்பார்கள். அது பனியன்று, சுரங்கங்களிலிருந்து காலங்காலமாகக் கீழே தள்ளிய பளிங்கு உடைசல்.

உங்கள் தரையில் ஆசிட் நுரைத்ததற்கான காரணமும் இந்த மலையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெதுவெதுப்பான ஆழமற்ற கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறு இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயிற்று. பின்னர், இத்தாலியின் முதுகெலும்பான அப்பெனைன் மலைத்தொடர் உருவாகிய காலத்தில், அந்தக் கல் நிலத்துக்குள் ஆழமாக அழுந்தி, வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருகாமலேயே உட்கட்டமைப்பு மாறி, நெருக்கமான பளிங்குமணிகளாக மறுபிறவி எடுத்தது. எத்தனை வடிவம் மாறினாலும் பொருள் சுண்ணாம்புதான். ஆகவே அமிலம் எதுவானாலும், எலுமிச்சைச் சாறானாலும், அதைத் தின்னும். உங்கள் மாமியார் புளியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

இதே வேதிவினையைத்தான் மழைநீர் மெதுவாக, பல லட்சம் ஆண்டுகளாக, மலைக்குள் செய்திருக்கிறது. லெவில்யானி என்ற சிற்றூரின் மேலே உள்ள கோர்க்கியா குகையில் 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழிகளும் 1,000 மீட்டருக்கும் அதிகமான ஆழமும் இருக்கின்றன. அதில் ஒரு பகுதியைப் பொதுமக்கள் நடந்து பார்க்கலாம். ஆனால் படிகள் மிகுதி. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துப் போக வேண்டும்.

வரலாற்றை லூனி என்ற பாழடைந்த ஊரிலிருந்து தொடங்குங்கள். ரோமானியர்கள் கி.மு. 177இல் அமைத்த துறைமுகக் குடியிருப்பு அது. இந்தக் கல்லுக்கே ரோமில் 'லூனிக் கல்' என்றுதான் பெயர். கி.பி. 113இல் ரோமில் எழுப்பிய டிராஜன் தூண் இந்தக் கல்லால் ஆனது. காலப்போக்கில் துறைமுகம் மண்மூடியது, சதுப்பு நிலக் காய்ச்சல் பரவியது, மக்கள் வெளியேறினார்கள், 1204இல் ஆயர் பீடமும் சர்சானாவுக்கு இடம் மாறியது. இன்று வயல்களுக்கு நடுவே ஒரு வட்டரங்கின் சுவர்களும் ஓர் அருங்காட்சியகமும் மிஞ்சியுள்ளன. அந்த வட்டாரத்துக்கு வழங்கும் லூனிஜானா என்ற பெயரில் மட்டும் பழைய ஊர் உயிரோடு இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டு வந்தவர்கள் நாம் என்று வழிவழியாகச் சொல்லிக்கொள்ளும் நமக்கு, அந்த மண்ணில் நிற்கும்போது தொண்டை அடைத்துக்கொள்கிறது.

கரரா நகருக்கு மேலே தொரானோ, ஃபாந்திஸ்க்ரித்தி, கொலொன்னாத்தா என்ற மூன்று பள்ளத்தாக்குகளில் சுரங்கங்கள் உள்ளன. அவற்றுள் நடுவில் உள்ளதன் பெயர்க்காரணம் அழகானது. அங்கே ரோமானியர் காலத்தில் பாறையில் புடைப்பாகச் செதுக்கிய மூன்று தெய்வ உருவங்களை ஊர் மக்கள் 'பிள்ளைகள்' என்று அழைத்தார்கள். பின்னாளில் கல் தேடி வந்த சிற்பிகள் அதன் பக்கத்திலேயே தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். பிள்ளைகளும் எழுத்துகளும் சேர்ந்து ஊர்ப்பெயர் ஆயிற்று. அந்தப் பாறையைப் பெயர்த்தெடுத்து, 1769இல் தொடங்கப்பட்ட கரரா நுண்கலைக் கழகத்தில் இப்போது வைத்திருக்கிறார்கள். மைக்கலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய, 5.17 மீட்டர் உயரமுள்ள தாவீது சிலையின் கல்லும் இந்த மலையினுடையதே. வேறு சிற்பிகள் தொட்டுப் பார்த்துக் கைவிட்டதால் பல்லாண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்த பாளம் அது.

பதில் 2: காரைக்குடி கல்வேலைக்காரர்

ஆச்சி, பழைய வீடுகளைப் புதுப்பிப்பதே என் தொழில். எட்டு ஆண்டுகளுக்கு முன் கல் வாங்கும் வேலையாகக் கரராவில் பத்து நாட்கள் இருந்தேன். தம்பி மலையைப் பற்றி நிறைவாக எழுதிவிட்டார். நான் அதை உடைத்தவர்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டில் வெள்ளையாக இருப்பதெல்லாம் இத்தாலிக் கல் ஆகிவிடாது. ராஜஸ்தானத்து மக்ரானா கல்லும் வெள்ளைதான். கரராக் கல்லை உடைத்தால் உடைந்த முகம் சர்க்கரைக் கட்டியைப் பிளந்தது போல் நுண்மணிகளாக மினுங்கும். ஆனாலும் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. தொல்பொருள் ஆய்வாளர்களே பழைய சிலைகளின் கல் எந்த மலையினது என்று அறிய ஆய்வகத்தில் சோதிக்கிறார்கள்.

ஃபாந்திஸ்க்ரித்தியில் மலையின் வயிற்றுக்குள் ஒரு சுரங்கத்தைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். சிறு வண்டியில் உள்ளே அழைத்துப் போவார்கள். தலைக்கவசம் தருவார்கள். நூற்றுக்கால் மண்டபம் போன்ற அகலத்தில், தூண்களாக விட்டுவைத்த பாறையைத் தவிர வேறு தாங்கல் இல்லாமல், சுவர், கூரை, தரை எல்லாம் ஒரே வெள்ளைக் கல்லாக இருக்கும். ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்தேன். நம் முகப்புத் தரையில் விடியற்காலையில் கால் வைக்கும்போது ஏறும் அதே குளிர்ச்சி. வெளியில் வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் குளிர்தான், ஆகவே சால்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வைரமணிகள் கோத்த கம்பியைப் பாறைக்குள் ஓடவிட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே, வெண்ணெயைக் கயிற்றால் அறுப்பது போல் அறுத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக் கல் அப்படி வந்திருக்காது. அந்தக் காலத்தில் பத்து, இருபது டன் எடையுள்ள பாளங்களை மரச் சட்டத்தில் ஏற்றி, சணல் வடங்களால் கட்டி, சோப்பு தடவிய மரக்கட்டைகளின் மேல் சரிவில் அங்குலம் அங்குலமாக இறக்கினார்கள். அந்த முறைக்கு லிட்சாத்தூரா என்று பெயர். கூட்டத்தின் தலைவன் பாளத்துக்கு முன்னால் நின்று, பின்னால் காலியாகும் கட்டைகளை வாங்கி வாங்கி முன்னால் போட்டுக்கொண்டே வருவான். மேலே வடத்தைத் தளர்த்துகிறவன் அவன் குரலுக்குத்தான் காது கொடுப்பான். வடம் அறுந்தால் முதலில் போவது முன்னால் நிற்பவன் உயிர். 1960கள் வரை இது நடந்தது. 1911இல் பெத்தோல்யி சுரங்கத்தில் பாறை சரிந்து பத்துத் தொழிலாளர்கள் மாண்டார்கள்.

இத்தகைய வேலை செய்தவர்கள் பணிந்து கிடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1894இல் அங்கே பெரிய கிளர்ச்சி ஒன்று நடந்து, படையைக் கொண்டு அடக்கினார்கள். அரசே வேண்டாம் என்னும் கொள்கைக்காரர்களுக்கு இத்தாலியிலேயே பெயர்போன ஊர் கரரா. 1919இல் சுரங்கத் தொழிலாளர்கள் ஆறரை மணி நேர வேலைநாளைப் போராடிப் பெற்றார்கள். காலையில் இருட்டோடு எழுந்து மலை ஏறி இறங்குகிற நேரம் வேறு இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். கல்வேலை செய்கிறவன் என்ற முறையில் அந்த வாதத்தின் நியாயம் எனக்கு உடம்பால் தெரியும்.

பாளங்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1876 முதல் 1890 வரை படிப்படியாகப் போட்ட ரயில் பாதை 1964இல் மூடப்பட்டது. வாரா என்ற இடத்தில் உள்ள அதன் பாலங்கள் இன்னும் நிற்கின்றன, இன்று அவற்றின் மேல் லாரிகள் ஓடுகின்றன. உங்கள் வீட்டுக் கல் அந்த ரயிலில் இறங்கியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. போகிற வழியில் வண்டியை நிறுத்தி அவசியம் பாருங்கள்.

என் மனத்தை வருத்தியதையும் மறைக்க விரும்பவில்லை. முன்பு ஒரு தலைமுறை வெட்டியதை இப்போது சில ஆண்டுகளில் வெட்டிவிடுகிறார்கள். வெட்டியதில் பெரும்பகுதி பாளமாகப் போவதில்லை, உடைசலாகவே போகிறது. அதை அரைத்துக் காகிதத்துக்கும் சுவர்ப் பூச்சுக்கும் பற்பசைக்கும் சேர்க்கிறார்கள். மழை பெய்தால் அறுத்த தூள் கரைந்து, நகரின் நடுவே ஓடும் கர்ரியோனே ஆறு பாலாகப் போகும். 2014 நவம்பரில் அந்த ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தது. மலைப்பகுதியில் பெரும்பங்கு 1985 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா, சுரங்கங்களோ அதன் ஓரத்திலும் இடுக்கிலும் இயங்கிக்கொண்டே இருக்கின்றன. வேலை வேண்டும் என்போரும் மலை வேண்டும் என்போரும் ஒரே குடும்பத்துக்குள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் கருங்கல் குவாரி உள்ள ஊர்களில் நாம் பார்க்கும் வேதனைதான் இது.

மங்கிய இரண்டு கற்களுக்காக வருந்த வேண்டாம். அமிலம் தின்றது மேல் தோலை மட்டுமே. தண்ணீர் விட்டுக்கொண்டே, சற்றுக் கரடான உப்புத்தாளில் தொடங்கி மிக மென்மையான தாள் வரை படிப்படியாகத் தேய்த்தால் பளபளப்பு பெரும்பாலும் திரும்பும். நேரம் பிடிக்கும். அவசரக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 3: பள்ளத்தூர் ஐயா

ஆச்சிக்கும் தம்பிமார்களுக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் பொந்த்ரேமொலி என்ற ஊரில் ஒரு வாரம் தங்கினோம். இதுவரை எழுதியவர்கள் கல்லோடு நின்றுவிட்டார்கள். மலைக்குப் பின்னால், மக்ரா ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கும் லூனிஜானாவைப் பார்க்காமல் திரும்பினால் பயணம் பாதிதான்.

மிலானிலிருந்து வருகிறவர்களுக்கு அதுவே முதலில் வரும். பார்மாவிலிருந்து லா ஸ்பெத்சியாவுக்கு மலைகளைக் குடைந்து போகும் ரயிலில் ஏறினால் பொந்த்ரேமொலியில் இறங்கலாம். இடைக்காலத்தில் இங்கிலாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் ரோமுக்கு நடந்துபோன பாதயாத்திரிகர்களின் வழியும் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே போகிறது. பழனிக்குக் காவடி எடுத்து நடக்கும் நமக்கு அந்த வழியில் தடி ஊன்றி வருகிறவர்களைக் கண்டால் புதிதாகத் தோன்றாது. குன்றுக்கொரு கோட்டை. அவற்றுள் பல மலஸ்பீனா என்ற பிரபுக் குடும்பத்தினுடையவை. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட கவிஞர் தாந்தேவுக்கு 1306இல் அடைக்கலம் கொடுத்தவர்கள் அவர்களே. அந்த அக்டோபர் 6ஆம் நாள் அவர்கள் சார்பில் லூனி ஆயரோடு சமாதானம் பேசி முடித்தவரும் தாந்தேதான்.

பொந்த்ரேமொலிக் கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்தில் நாங்கள் அரை நாளுக்கு மேல் இருந்துவிட்டோம். அந்த வட்டாரத்து வயல்களிலும் காடுகளிலும் கிடைத்த நிலைக்கற்கள் அங்கே இருக்கின்றன. மிகப் பழையவை ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை. பளிங்கு மலை பக்கத்தில் இருந்தும் அவற்றை மணற்கல்லிலேயே செதுக்கியிருக்கிறார்கள். பிறை கவிழ்த்தது போன்ற தலை, ஆணுக்குக் குறுவாள், பெண்ணுக்கு மார்பு, வயிற்றில் படிந்த இரு கைகள், அவ்வளவுதான். விளக்கை மங்கலாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர் நடுகல் முன்னால் நிற்கும்போது வரும் அமைதி அங்கே வந்தது.

நம்மவர்கள் அனைவரும் பார்க்க வேண்டிய ஊர் மொந்தெரெஜ்ஜோ. மலை உச்சியில் கல்வீடுகள் நெருங்கிய மிகச் சிறிய ஊர். விளைச்சல் போதாத மலைக்காரர்களான அவர்கள் முதுகுக் கூடையில் புத்தகங்களைச் சுமந்து ஊர் ஊராக நடந்து விற்று, பிறகு வடஇத்தாலிய நகரங்களில் கடை வைத்து நிலைத்தார்கள். தெருக்களுக்கும் முற்றங்களுக்கும் புத்தகப் பதிப்பாளர்களின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். புத்தக வியாபாரிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பங்காரெல்லா பரிசு 1953 முதல் பொந்த்ரேமொலியில் வழங்கப்படுகிறது. ஆண்கள் பிழைப்புக்காகத் தொலைதூரம் போக, வீட்டையும் ஊரையும் பெண்கள் காத்து நின்ற வாழ்க்கை அது. என் ஐயா பர்மாவின் மோல்மீனிலிருந்து எழுதிய கடிதங்களை அப்பத்தா பெட்டகத்தில் அடுக்கி வைத்திருந்தது எனக்கு அங்கே நினைவுக்கு வந்தது. 1942இல் பர்மா கைநழுவியதும் நம் ஊர்களில் எத்தனை வீடுகள் பூட்டிக் கிடந்தனவோ, அது போலவே பூட்டிய வீடுகள் அங்கேயும் உண்டு.

அந்த நாட்டுப் பெண்களைப் பற்றி இன்னொன்று. 1944 ஜூலை 7 அன்று, ஊரைக் காலி செய்யுமாறு ஜெர்மானியப் படை ஆணையிட்டபோது, கரராவின் பெண்கள் காய்கறிச் சந்தைச் சதுக்கத்தில் திரண்டு மறுத்து, சில நாட்களில் அந்த ஆணையைத் திரும்பப் பெறச் செய்தார்கள். அடுத்த மாதம் 12ஆம் நாள், அதே மலைத்தொடரின் தென்பகுதியில் சந்தான்னா என்ற சிற்றூரில் படையினர் 500க்கும் மேற்பட்டோரைக் கொன்றார்கள், அவர்களில் மிகப் பலர் பெண்களும் குழந்தைகளும். அங்கே நினைவிடம் இருக்கிறது. எங்களால் அதிக நேரம் நிற்க முடியவில்லை.

இனிச் சாப்பாடு. கவலையே வேண்டாம் ஆச்சி. தெஸ்தரோலி என்று ஒன்று உண்டு. கோதுமை மாவும் தண்ணீரும் உப்பும் கரைத்து, மூடி போட்ட கனத்த இரும்புச் சட்டியில் தோசை போல் வார்த்து, சாய்சதுரத் துண்டுகளாக நறுக்கி, கொதிநீரில் சற்று முக்கியெடுத்து, துளசியின் இனமான ஒரு கீரையை எண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்து அரைத்த துவையலோடு பிசைந்து தருவார்கள். கரராவில் கடலை மாவைக் கரைத்துப் பெரிய தட்டில் ஊற்றி விறகடுப்பில் சுட்டெடுக்கும் அடைக்குக் 'கால்தா கால்தா' என்று பெயர், 'சூடு சூடு' என்று பொருள். அக்டோபர் கஷ்கொட்டை (செஸ்ட்நட்) பொறுக்கும் மாதம். கீழே புகையும் தீயும் மேலே பரணுமாகக் கட்டிய கல் குடிசைகளில் வாரக்கணக்கில் அவற்றை உலர்த்தி மாவாக்குவார்கள். அரிசி கிடைக்காத மலைக்காரனுக்கு அந்த மாவுதான் சோறு. அதில் செய்த இனிப்பில்லாத பலகாரம் எங்களுக்கு முதல் நாள் பிடிக்கவில்லை, மூன்றாம் நாள் தேடினோம். கொலொன்னாத்தாவில் பன்றிக் கொழுப்பைக் கல் தொட்டிகளில், உப்பும் பூண்டும் ரோஸ்மேரி இலையும் மிளகும் அடுக்கி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஊறவைக்கிறார்கள். நாங்கள் சாப்பிடுவதில்லை, ஆனால் தொட்டியைப் பார்த்தோம். சுரங்கத்துக்குப் போகிறவன் ரொட்டிக்குள் வைத்துக்கொண்டு போன உணவு அது. தொட்டியும் அதே கரராக் கல்தான்.

மூன்று நாட்களில் ஒரு நாள் லூனிஜானா, ஒரு நாள் கரராவும் சுரங்கமும், மீதி நாளில் காலை லூனி, மாலை பியெத்ராசாந்தா என்று வைத்துக்கொள்ளலாம். பியெத்ராசாந்தா சிற்பக்கூடங்களின் ஊர், தெருவில் நடந்தாலே உளிச் சத்தம் கேட்கும். புளோரன்ஸைக் குறைத்துக்கொண்டால் கூட்டத்தில் இடிபடுவதும் குறையும்.

கானாடுகாத்தான் ஆச்சி

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. மகளிடம் இதை அப்படியே படித்துக் காட்டினேன். ரயிலுக்கு இப்போதே பார்த்து வைப்பதாகச் சொன்னாள். லூனியைப் பற்றித் தேவகோட்டைத் தம்பி எழுதியதையும் சந்தைச் சதுக்கத்துப் பெண்களைப் பற்றி ஐயா எழுதியதையும் என் கணவர் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

கல்வேலை செய்யும் தம்பியிடம் ஒரு கேள்வி. பட்டாலை ஓரத்தில் விரிசல் விட்ட ஒரு சிறு கல்லை மாற்றியபோது பழைய துண்டுகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் பெட்டகச் சாலையில் வைத்திருக்கிறேன். அதில் உள்ளங்கை அளவு ஒரு துண்டை எடுத்துப் போய் அந்த மலைக் கல்லின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அது பொருளுள்ள செயலா?

காரைக்குடி கல்வேலைக்காரர்

எடுத்துப் போங்கள் ஆச்சி. மேல்முகத்தை மட்டும் காட்டாதீர்கள், நூறு ஆண்டுக் காலடி பட்டு அது மாறியிருக்கும். அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக் காரையை மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, சாய்வான வெயிலில் பிடித்துப் பாருங்கள். பல்லில்லாத இரும்புத் தகடுகளை மணலும் தண்ணீரும் விட்டு முன்னும் பின்னும் இழுத்து அறுத்த காலத்துக் கல்லானால், இணையான மெல்லிய கோடுகள் சற்று நெளிந்து தெரியும். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர் யாரையாவது அங்கே சந்தித்தால் அந்தக் கோடுகளை அவரிடம் காட்டுங்கள். நான் அப்படி ஒரு துண்டைக் காட்டியபோது ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரல் நுனியால் அந்தக் கோடுகளின் மேலேயே வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.